தண்டவாளக் கூரை

அன்புள்ளவருக்கு,

பாலைவனத்தில், மஆன் ஊருக்குத் தெற்கே, ரயில் நின்றுபோன ஒரு சின்ன நிலையத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். தங்கியிருப்பது, என்னை இங்கே வண்டியில் கொண்டுவந்து விட்ட நவ்வாஃபின் அம்மா வீட்டில். பழைய தண்டவாளங்களையே உத்தரமாகப் போட்டுக் கூரை கட்டியிருக்கிறார்கள். மதியம் அதன் கீழே கண்ணயர்ந்தால், ஒரு ரயில் என் மேலே மெதுவாக ஊர்ந்து போகிறது. சன்னல்களில் ஒருவரும் இல்லை.

நிலையத்துத் தரையெங்கும் குழிகள், இந்தப் பாதையைப் போட்ட துருக்கியர் போகும்போது புதைத்ததாகச் சொல்லும் தங்கத்தைத் தேடியவர்கள் தோண்டியவை. நான் நாடாவைப் பிடித்துச் சுவரை அளந்தபோதும் நவ்வாஃபின் அம்மா வாயைத் திறக்கவில்லை. விருந்தாளியை மூன்று நாளைக்கு எதுவும் கேட்கக் கூடாது என்பது இங்கே வழக்கமாம். நாலாம் நாள் காலை, காப்பியை ஊற்றியபடியே பிடித்துக்கொண்டாள்.

"தங்கத்துக்குத்தானே வந்தே? ஒளிக்காம சொல்லு."

"இல்ல மாமி, நிலையத்தோட கதையை எழுத வந்தேன்."

"ஓடாத ரயிலுக்குக் கதையா? போடி பைத்தியமே! வீட்டுல சண்டை போட்டுட்டுக் கிளம்பி வந்திருக்கே."

நமக்குள் சண்டைகூட இல்லை. சிரித்து மழுப்பினேன்.

அம்மான் நகரில், நம் வீட்டில், நான் அடுத்த அறையில் படுக்கத் தொடங்கி ஒரு குளிர்காலமே போய்விட்டது. மூன்று நாள் எப்போதோ முடிந்துவிட்டது. நீங்கள் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் விருந்தாளி