என் பெயரில் ஒரு கம்பெனி

5.8.91, திங்கள்
நாளை நானும் ஜரினாவும் லீவு. அம்பத்தூர் கையுறைக் கம்பெனியில் ஒன்பது வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மெஷினில் தைக்கிறோம். இனி எங்களுக்கென்று தைப்போம். ஆவடியில் ஓர் அரசாங்கத் தொழிற்சாலை, கையுறை ஆர்டரில் ஒரு பங்கைப் பெண்கள் நடத்தும் கம்பெனிகளுக்கு ஒதுக்குகிறதாம். முதலில் தொழில் ஆபீசில் பதிய வேண்டும். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. பதிந்துவிட்டு வந்து சொன்னால் அசந்து போவார்.

6.8.91
அசந்து போனது நான்.

கிளார்க் அம்மா என் பெயரையும் விலாசத்தையும் பார்த்துவிட்டுப் பழைய ஃபைல் ஒன்றை எடுத்தார். "உங்க பேர்ல ஏற்கெனவே கம்பெனி இருக்கேம்மா. சொர்ணம் இண்டஸ்ட்ரீஸ். மூணு வருஷமா கையுறை சப்ளை பண்றீங்க."

என்னைப் போல வேறு எந்தச் சொர்ணமோ என்று சிரித்தேன். ஃபைலைத் திருப்பிக் காட்டினார். என் கையெழுத்து. என் படம். தலையில் கனகாம்பரம்.

அந்தக் கனகாம்பரம்! மூன்று வருடம் முன்பு வீட்டுக்காரர் திருவேற்காடு கோயிலுக்குக் கூட்டிப்போய், பூ வாங்கிக் கொடுத்து, ஸ்டுடியோவில் உட்காரவைத்தாரே. அவராக ஆசைப்பட்டு எடுத்த படம் என்று எத்தனை நாள் பூரித்துப் போயிருந்தேன். ரேஷன் கார்டு மாற்ற என்று கையெழுத்து வாங்கியதும் அதே வாரம்தான்.

பஸ் ஸ்டாண்டில் ஜரினா, "ஓனரம்மா பக்கத்துலயா இம்மா நாளு குந்திகினு தச்சேன்?" என்றாள். எனக்குத் தெரியாதுடி என்றேன். நம்பவில்லை. நானாக இருந்தால் நம்புவேனா?

7.8.91
கேட்டுவிட்டேன். தோசையைப் பிய்த்துக்கொண்டே சொல்கிறார்: "பேரு தானேம்மே? பொம்பள பேர்ல இருந்தா தான் ஆர்டர் குடுக்கறான். உனுக்கு இன்னா நஷ்டம்?"

தொழிற்பேட்டையில் மேஸ்திரி வேலை என்று சொல்லித் தினமும் சோறு எடுத்துக்கொண்டு போனவர். அந்தச் சோற்றையும் நான்தானே கட்டிக் கொடுத்தேன்!

9.8.91
ஜரினா வேறு மெஷின் கேட்டு வாங்கி, கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

13.8.91
நாளை தொழில் ஆபீசிலிருந்து ஆபீசர் சோதனைக்கு வருகிறாராம், வீட்டுக்காரர் சொன்னார். பெண் ஓனர் நிஜமாகவே இருக்கிறாளா என்று பார்க்க. நான் ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து "ஆமா சார்" என்றால் போதுமாம்.

முடியாது என்றேன். "ஷெட்ட மூடிட்டா அங்க தைக்கற பதினோரு பொம்பளைங்க எங்க போவாங்க?" என்றார். இப்போதுதான் பெண்கள்மேல் கவலை வந்திருக்கிறது! ஆனால் அவர்கள் பாவம் என்ன செய்தார்கள்?

14.8.91
வேலப்பன்சாவடியில் ஒரு சந்துக்குள் ஷெட். வாசலில் என் பெயர்ப் பலகை.

ஆபீசர் ஒரு கையுறையை நீட்டி, "எப்படிம்மா இருக்கு?" என்றார். வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, "ஃபர்ஸ்ட் கிளாஸ் சார்."

"அம்மாவைக் கேட்டேன்."

கட்டைவிரல் தையலைப் பிடித்து இழுத்தேன். விட்டுக்கொண்டது. "ஒத்தத் தையல் போட்டுகீறாங்க சார். சூட்டு இரும்ப புடிக்கறவன் கை வெந்துடும். இது ஆவடிக்கு போவக்கூடாது."

வாய் அதுபாட்டுக்குப் பேசியது. "இப்பிடி ஒண்ணு கீதுன்னே எனுக்கு போன வாரம் தான் தெரியும் சார். இம்மா நாளு இவரு பாத்துகினாரு. இன்னைலேர்ந்து நான் பாக்கறேன்."

ஆபீசர் ஃபைலில் ஏதோ குறித்துக்கொண்டார். "மூணு மாசத்துல திரும்ப வருவேன். அப்பவும் நீங்கதான் நடத்தணும். இல்லேன்னா பதிவை ரத்து பண்ணிடுவேன்."

15.8.91
ஷெட் சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

20.8.91
பூந்தமல்லியில் ஜரினா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கூட்டாளியாக வா என்றேன். சொன்னாள்: "வரேன். ஆனா காயிதத்த நானே ஒரு தபா முழுசா படிச்சுட்டுத் தான் கையெழுத்து போடுவேன்."

18.11.91, திங்கள்
ஆபீசர் வந்து பார்த்தார். ஜரினா வெட்டிய துணியில் அவருக்கு ஒரு குறையும் கிடைக்கவில்லை. பதிவு நிலைத்தது. பதினோரு பேரும் கைதட்டினார்கள். இப்போது எங்கள் சரக்கு வண்டியை ஓட்டும் என் வீட்டுக்காரரும்தான்.

சாயந்தரம் அவர் கனகாம்பரம் வாங்கிவந்து என் மேஜைமேல் வைத்தார்.

"எதுல கையெழுத்து போடணும்?" என்று கேட்டேன்.