நீ வேண்டாம் என்ற வெள்ளி நிற வண்டி

என் அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், உன் அப்பாவின் முழங்காலை மட்டும் அதில் சேர்க்க முடியாது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வாண்டுப் பயலும் உன் மாமனாரும், இன்னும் முகம் காட்டாத அந்த இரட்டையரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனிலேயே சொல்லலாமே, எதற்குக் காகிதம் என்று சிரிப்பாய். போனில் நீ குறுக்கே ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு ரோஷம் வந்துவிடும், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். காகிதத்தில் நான் முடிக்கிறவரை நீ வாயைத் திறக்க முடியாது பார், அதுதான் வசதி. உன் அப்பா எதிரே உட்கார்ந்து, இரட்டைக் குழந்தை என்று நான் ஊரெல்லாம் சொல்லிவிட்டேன், அதையும் எழுது என்கிறார். மருந்துக் கடைக்காரரிடம்கூடச் சொல்லியாகிவிட்டதாம், அவர் முழங்கால் தைலத்தோடு ஒரு கிலுகிலுப்பையையும் சேர்த்துக் கொடுத்தாராம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த வெள்ளி நிற ஏழு சீட்டு வண்டியின் படத்தை நீ அனுப்பியதும் நான் என்ன செய்தேன், சீட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரம் அமுங்கவில்லை, தையல் ஒரே நேர்கோடு, நூல் எங்கும் பிரியவில்லை. அதிகம் ஓடாத வண்டிடி, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு, நாளை மறுநாள் என்று இழுக்காதே என்று அடித்துச் சொன்னேன். மாப்பிள்ளைக்கும் பிடித்துப்போயிருந்தது. மூன்று மாதத்தில் குழந்தைகள் வந்துவிடும், இப்போதிருக்கும் சின்ன வண்டியில் மூன்று குழந்தை சீட்டை வைத்தால் உன் மாமனாரைக் கூரைமேல்தான் உட்காரவைக்க வேண்டும். அவசரம் உனக்குத்தான், ஆனால் பதறியது நான். நீயோ போய்ப் பார்த்துவிட்டு, பின் சீட்டு பெல்ட்டைக் கடைசிவரை உருவிப் பார்த்தேன்மா, சுருளுக்குள்ளே இருக்கிற கடைசி முழத்தில் சேற்றுக் கறை கோடு போட்டிருக்கு, வெள்ளத்தில் நின்ன வண்டி, எனக்கு வேண்டாம் என்று போன் செய்தாய். சேறு புகுந்த இடத்தில் ஒயரெல்லாம் அரித்துப்போய், மோதுகிற நேரத்தில் ஏர்பேக் விரியாமலே போகலாம் என்றும் சொன்னாய். எனக்கு வந்ததே கோபம்! இருபத்திரண்டு வருஷமாகக் கார் சீட்டு தைக்கிறவள் நான், எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று போனை வைத்துவிட்டேன். அப்புறம் இரண்டு நாள் நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் குளித்துக்கொண்டிருப்பதாக உன் அப்பாவைச் சொல்லவைத்தேன். ஒரே நாளில் நான்கு முறையா குளிப்பாள், சொல்கிற எனக்கே கூச்சமாக இருக்கிறது என்று அவர் புலம்பினார்.

மூன்றாம் நாள் பட்டறையில் என் மேஜைக்கு ஒரு வண்டியின் சீட்டுகள் வந்தன. உனக்குத்தான் தெரியுமே, கழற்றுகிறவர்கள் வெளியே கொட்டகையில் கழற்றி, சீட்டை மட்டும் உள்ளே கொண்டுவந்து போடுவார்கள், நான் அளந்து வெட்டித் தைப்பேன், திரும்ப எடுத்துப்போய்ப் பூட்டிவிடுவார்கள். பெல்ட் வண்டியோடேயே நின்றுவிடும். இத்தனை வருஷத்தில் என்னிடம் சீட்டு வந்திருக்கிறது, வண்டி ஒருநாளும் வந்ததில்லை. அன்றைக்கு அந்தப் பஞ்சில் வாசனைத் திரவம் மூக்கைத் துளைத்தது. எப்போதும் வருகிற வாசனைதான், எப்போதும்போலத் தைத்திருப்பேன், ஆனால் நீ சொன்னது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது, சேற்று வாடையை மறைக்கத்தான் தெளித்தார்களோ என்று தோன்றியது. எழுந்து கொட்டகைக்குப் போய் அந்த வண்டியின் பெல்ட்டை இழுத்தேன். இழுக்க இழுக்க வந்தது, கடைசியில் ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்புக் கறை. இதற்கு முன்னால் எத்தனை வண்டிக்கு நான் புது உறை போட்டு, பெண்ணுக்கு அலங்காரம் செய்கிற மாதிரி செய்து அனுப்பினேனோ, அதில் எந்த வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து போகிறார்களோ. நீ அனுப்பிய படத்தில் நான் மெச்சிய அந்த நேர்கோட்டுத் தையலும் என்னைப் போல ஒருத்தி போட்டதுதானே.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். நமக்குத் துணி, விக்கிறவங்களுக்கு வண்டி, எதுக்குக்கா வீண் வம்பு என்றார். வாங்குகிறவர்களிடம் சொல்லிவிட்டு விற்கட்டும், அதுவரை இந்த மாதிரி சீட்டை என் மேஜையில் போடாதீர்கள் என்று கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். அவர் சீட்டைப் பக்கத்து மேஜைக்கு மாற்றினார், சாயங்காலத்துக்குள் அங்கே தைத்தும் ஆயிற்று. உலகத்தையே திருத்திவிட்டேன் என்று உன்னிடம் பீற்றிக்கொள்ள முடியாது. ஆனால் இப்போது எந்தச் சீட்டு வந்தாலும் நான் முதலில் கொட்டகைக்குப் போய் வருகிறேன். இவளுக்கு நடைப் பயிற்சி தொடங்கிவிட்டது என்று எல்லோரும் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

நீ வாங்கியிருக்கிற காப்பிக்கொட்டை நிற வண்டியைப் பற்றி மாப்பிள்ளை ஒன்று விடாமல் சொன்னார். மூன்று குழந்தை சீட்டையும் கடைக்கே தூக்கிக்கொண்டு போய் நடு வரிசையில் மாட்டிப் பார்த்தாயாமே. உன் மாமனாரைக் கைத்தடியோடு மூன்று தடவை ஏறி இறங்கவைத்தாயாம், நான்காவது தடவை அவரே ஆசையாக ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றாராம். உனக்குத் தெரிந்த மெக்கானிக்கை வரவழைத்து, வண்டியை உயரத் தூக்கி அடிப்பக்கம் துருவைப் பார்த்து, சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் சரி என்றாயாம். விற்கிறவர் அவசரப்படுத்தியதும், பொறுங்க, இதுல அஞ்சு உசிரு ஏறப்போகுது, எண்ணிச் சொல்றேன் என்றாயாம், எண்ணினால் ஆறு வருகிறது, கணக்கில் நீ எப்போதும் சுமார்தான். அதைக் கேட்டு உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார், நான் அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒரே ஒரு யோசனை சொல்கிறேன், இது என் தொழில், இதில் நான் தோற்க மாட்டேன். சீட்டு கிழிந்திருக்கிறதே என்று யாராவது உறை போட்டுத் தருகிறேன் என்றால் சம்மதிக்காதே. முன் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிறது, மேலே இறுக்கி உறை போட்டால் அது வெளியே வர வழி இருக்காது. குழந்தை சீட்டுக்கு அடியில் வழுக்குகிற துணியும் ஆகாது. எனக்கே தைத்து அனுப்பக் கை துறுதுறுக்கிறது, அனுப்ப மாட்டேன்.

நேற்று அந்த வண்டியின் படத்தைப் பட்டறையில் எல்லோருக்கும் காட்டினேன். முன்னே வைத்திருந்தவரின் நாய் பிறாண்டிப் பஞ்சு வெளியே தெரிகிற அந்தச் சீட்டைப் பார்த்து, சீட்டு தைக்கிற அக்கா பொண்ணு வண்டியா இது, மானம் போகுதே என்று சிரித்தார்கள். ஆமா, என் பொண்ணு வண்டிதான், அவ பெத்தவ பேச்சைக் கேக்காம வாங்கினது என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. நான் உன்னைத் திட்டியது தப்பு, நான் சொன்னது தப்பு, என் பேச்சைக் கேட்டிருந்தால் என் பேரப் பிள்ளைகளை நானே அந்தச் சேற்று வண்டியில் ஏற்றியிருப்பேன். அம்மாவை மன்னித்துவிடு.

நீயும் உன் ஏழு சீட்டு வண்டியும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். எட்டாம் மாதம் பிறந்ததும் நீ ஓட்டாதே, மாப்பிள்ளை ஓட்டட்டும், வயிற்றுக்குக் கீழே படிகிற மாதிரி பெல்ட் போட்டுக்கொள். இனி எதற்காவது நான் அடித்துச் சொன்னாலும், நீ ஒருமுறை உன் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்.

உன்னிடம் தோற்றதைத் தெருவெல்லாம் சொல்லித் திரிகிற,
அம்மா.