மலையேறிய மகாராணி

அபர்டீன்,
ஆகஸ்ட் 27

அன்புள்ள மெரன்,

நலம்தானே? மின்னஞ்சல் வேலைக்கு, தபால் நமக்கு என்று கல்லூரி விடுதியில் பேசிக்கொண்டோம். நீ மறந்துவிட்டாய், நான் மறக்கவில்லை.

விமானத்திலிருந்து எண்ணி முடித்தாயிற்று. உங்கள் ரூசே தீவைச் சுற்றியுள்ள பாறைகளில் கடல்நாய்கள் இந்த வருடமும் குறைவு. நீ கரையிலிருந்து எண்ணி அனுப்பியதும் அதையேதான் சொல்கிறது.

ஏப்ரலில் என் வீட்டுக்காரர் எர்லண்ட் ஒரு பெண் கடல்நாயின் தலையில் இருக்குமிடம் காட்டும் கருவி ஒட்டினாரே, நீகூட அவளுக்கு மகாராணி என்று பெயர் வைத்தாயே, நினைவிருக்கிறதா? இது மயிர் உதிர்க்கும் காலம். கருவியும் உதிர்ந்து கரையில் கிடக்க வேண்டும். ஆனால் என் கணினித் திரையில் அவள் மலைமேல் இருக்கிறாள். பக்கத்து மேசை ரூரி, “என்ன தோரா, உங்க மகாராணி ஆடு மேய்க்கக் கிளம்பிட்டாளா?” என்று கேலி செய்கிறான். யாராவது சுற்றுலாக்காரர் எடுத்துப் போயிருப்பார், கொஞ்சம் விசாரி. எர்லண்டைக் கேட்டுப் பயனில்லை. தன் கோட்டுப் பையில் என்ன இருக்கிறது என்றே தெரியாத மனிதர். கயிறு, தூண்டில், போன வருட பிஸ்கட் எல்லாம் அங்கேதான் குடியிருக்கும்.

கரை வேலை முடியும்வரை அவரை உன்னை நம்பித்தான் அங்கே விட்டிருக்கிறேன். ஒரு வேளையாவது சூடாகச் சாப்பாடு போடு.

அன்புடன்,
தோரா

ரூசே,
செப்டம்பர் 3

என் தோராவுக்கு,

மலையில் கருவி எதுவும் இல்லையடி. அண்டங்காக்கை தூக்கிப் போயிருக்கும், இல்லையென்றால் உன் கருவிக்குப் பைத்தியம். விட்டுத் தள்ளு.

எர்லண்ட் துறைமுக விடுதியில்தான் தங்கியிருக்கிறார். எப்போதாவது பாறைக்கரையில் பார்ப்பதோடு சரி. நீயோ எல்லாவற்றையும் திரையில் பார்த்தே காலத்தை ஓட்டுகிறாய். ஒரு தடவை வந்து பாரேன். ருபார்ப் ஜாம் அனுப்பியிருக்கிறேன்.

உன்
மெரன்

அபர்டீன்,
செப்டம்பர் 15

மெரன்,

வந்து பார் என்றாய். தேவைப்படவில்லை, மகாராணியே வந்துவிட்டாள்.

சனிக்கிழமை படகேறி வந்து என் வீட்டு வாசல் கொக்கியில் தொங்கினாள். எர்லண்டின் மழைக்கோட்டு உள்பையில், கயிற்றுக்கு அடியில் கருவி. பசையில் அவள் மயிர் இன்னும் ஒட்டியிருந்தது. அந்த நேரம் குளியலறையிலிருந்து, “தோரா, துண்டு எங்க வச்ச?” என்று சத்தம். துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

அப்புறம் உட்கார்ந்து அவள் போன வழியை வரைந்தேன். பகலில் பாறைக்கரை. சாயங்காலம் துறைமுகத்து மதுக்கடை. பிறகு மலைப்பாதை, விடியும்வரை உன் வீட்டு முன்கூடம். விடுதிப் பக்கம் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. உன் புருஷனைக் கடல் கொண்டுபோன அன்று உன்னை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவள் நான். வயிறு எரிகிறதடி.

கருவியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. அக்டோபரில் உங்கள் ஊர்க்கூடத்தில் வழக்கமான கூட்டம். கடல்நாய்கள் எங்கெங்கே போயின என்று படம் போட்டுக் காட்டப்போவது நான்தான். சூப் குடிக்க ஊரே வரும். முன்வரிசையில் இடம் பிடித்துவை.

தோரா

ரூசே,
செப்டம்பர் 20

தோரா,

காலில் விழுகிறேன், காட்டாதே. இங்கே ஒருத்தி தும்மினால் ஊர் முழுக்க மருந்து சொல்லும். பாதிப் பேர் என் புருஷனின் சொந்தக்காரர்கள். இந்தத் தீவை விட்டால் எனக்குப் போக இடமில்லை.

பொய் சொல்லமாட்டேன். எனக்கு அவர் வேண்டும். கிறிஸ்துமஸுக்குள் உன்னிடம் சொல்லிவிட்டு இங்கேயே வந்துவிடுவதாகச் சொல்கிறார். வியாழக்கிழமை சாமான் வாங்கக் கிர்க்வாலுக்குப் படகேறி, மறுநாள் திரும்புகிறார். அந்த ஒரு இரவையும் உன்னிடம் வரும் நாட்களையும் தவிர என்னை விட்டு நகர்வதில்லை. உனக்கு வேலை இருக்கிறது, நகரம் இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது சொல்.

உன் கடிதத்தைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் பயந்து உன்னிடமே ஓடிவிடுவார். கருவியையும் நான் தொடவில்லை.

மெரன்

அபர்டீன்,
அக்டோபர் 14

அன்புள்ள மெரன்,

அந்தப் படத்தை நான் காட்டவில்லை. எண்ணிக்கையைச் சொன்னேன், கேள்விகளுக்குப் பதில் சொன்னேன், இறங்கிவிட்டேன். திரையில் ஒவ்வொரு படம் மாறும்போதும் நீ சூப்புக் கிண்ணத்தை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன். மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. முடிந்ததும் கட்டிக்கொண்டு, “நீ பெரிய மனுஷிடி” என்று அழுதாய்.

அவசரப்பட்டுவிட்டாய்.

எர்லண்டின் துணிமணிகளை மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறேன். வக்கீலிடமும் பேசியாயிற்று. நீ கிறிஸ்துமஸ்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உன் ஜாம் ஜாடியைக் கழுவித் துணிகளோடு வைத்திருக்கிறேன், இனி நிரப்பி அனுப்பாதே.

வியாழக்கிழமையைப் பற்றி நீ எழுதியிருக்காவிட்டால் எனக்குத் தோன்றியே இருக்காது. உன் கடிதம் வந்த பிறகுதான் அந்த இரவுகளை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். மகாராணி கிர்க்வாலுக்குப் படகேறவே இல்லை. உங்கள் தீவிலேயே, உன் வீடு அல்லாத இன்னொரு வீட்டில் விடியும்வரை இருக்கிறாள். அந்த வீட்டுக்காரியும் கூட்டத்துக்கு வந்திருந்தாள். நீ அவளிடம் சிரித்துப் பேசினாய்.

யார் என்று நான் சொல்லமாட்டேன். கருவியைத் தேடாதே. ஊர்க்கூடத்து வாசலில் அவர் மாட்டியிருந்த கோட்டிலிருந்து எடுத்து வந்துவிட்டேன். அது அலுவலகச் சொத்து.

கரையில் ஒன்று தெரிந்தால் கடலுக்குள் எத்தனை இருக்கும் என்று கணக்குப் போட நாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தானே படித்தோம். இனி நீயே எண்ணிக்கொள்.

தோரா