பழைய வீதியின் தரிப்பிடம், மாலை ஆறு மணி வரை

அனுப்புநர்: க. பாலேந்திரா, இக்காஸ்ட், டென்மார்க்.

பெறுநர்: பொறுப்பதிகாரி, வீதிப் பராமரிப்புப் பிரிவு.

விடயம்: வைலே – இக்காஸ்ட் பழைய பெருவீதியிலுள்ள வாகனத் தரிப்பிடத்தை அகற்றும் வேலையைப் பிற்போடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி தரிப்பிடம் ஜூன் முதலாம் திகதி கிண்டி அகற்றப்படும் என்ற அறிவித்தலைக் கண்டேன். விரைவுவீதி திறந்தபின் அங்கே எவரும் நிற்பதில்லை என்று காரணம் கூறப்பட்டுள்ளது. நாங்கள் நிற்கிறோம்.

2. ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு வரை எங்களுக்கு ராகுகாலம். அந்நேரத்தில் புதுமணத் தம்பதியர் வீட்டுக்குள் காலடி வைப்பதில்லை. வைலே மண்டபத்தில் கலியாணம் முடிந்து இக்காஸ்ட் திரும்புவோர் இத்தரிப்பிடத்தில் காத்திருப்பது வழக்கம். விரைவுவீதியோ எங்களை ராகுகாலத்தின் நடுவிலேயே வாசலில் கொண்டுவந்து விடுகிறது. அதன் திறமையில் எனக்குக் குறையில்லை.

3. 1991 இல் நானும் என் மனைவி ராசமலரும் அங்கே காத்திருந்தோம். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். மண்டபத்தில் எங்களிருவரைத் தவிர எல்லோரும் கதைத்தார்கள். காரோட்டி வந்த நண்பர் சிகரெட் பிடிக்க இறங்கியதும் ராசமலர் முதன்முதலாக என்னிடம் கேட்டார்: “இஞ்சை எப்பவும் இப்பிடித்தான் காத்தடிக்குமோ?” ஓம் என்றேன். அந்தக் கதை இன்னும் முடியவில்லை.

இடையில் ஒரு பொலிஸ்காரர் வந்து, கார் பழுதா என்று விசாரித்தார். கார் நல்லது, நேரம்தான் சரியில்லை என்றேன். இழுவை வண்டி அழைக்கவா என்று அன்போடு கேட்டார்.

4. எங்கள் மகள் துஷாராவுக்கு ஜூன் 7, ஞாயிறு, அதே வைலே மண்டபத்தில் கலியாணம். மாப்பிள்ளை சுபாங்கன் கனடாவில், சிறு நகரங்களை இணைக்கும் ஒரு மாகாண நெடுஞ்சாலையோரம் வளர்ந்தவர். அவர் தந்தை தொலைபேசியில், “எங்கட ஹைவேயிலை ரவுணுக்கு ரவுண் நிண்டு கோப்பி குடிக்கலாம். உங்கட குட்டி நாட்டிலை கார் நிப்பாட்ட இடமிருக்கோ, சம்பந்தி?” என்றார். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ராசமலரோ, “அதிலை நிண்டுதான் பிள்ளையளைக் கூட்டி வரோணும். வேறை இடம் பாக்காதேங்கோ” என்கிறார். கனடாவை நான் சமாளிப்பேன்.

பிள்ளைகள் இதுவரை பெரும்பாலும் திரையில்தான் கதைத்திருக்கிறார்கள். திரையில் காற்றடிப்பதில்லை.

இணைத்துள்ள டேனிஷ் மொழிபெயர்ப்பு துஷாராவுடையது. ராகுகாலத்தை அவள் ‘போக்குவரத்து நெரிசல்’ என்று எழுதியிருக்கிறாள். தயவுசெய்து மூலத்தையே நம்பவும்.

உட்காரப் புதிய வாங்கு வேண்டாம், பூஞ்செடி வேண்டாம். ஜூன் 7 மாலை ஆறு மணி வரை அவ்விடத்தை விட்டுவைத்தாற் போதும். மறுநாளே இயந்திரங்களை அனுப்பலாம். ஆனால் திங்கள் காலை ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம். தங்கள் பணியாளர் ஒன்பதுக்குப் பின் தொடங்குவது அவர்களுக்கும் நல்லது.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
க. பாலேந்திரா (ஒப்பம்)

இடம்: இக்காஸ்ட்
திகதி: 20.04.2026