பம்புக்குப் பின்னால் இருக்கும் நான்காவது போல்ட்

ஸ்கார்வோகென், லோஃபோட்டன்
பிப்ரவரி 11

அன்புள்ள தோர்டிஸ் அக்காவுக்கு,

மாரென் எழுதிக்கொள்வது. நான் நலம். உன் கை எப்படி இருக்கிறது என்று கேட்கப் போவதில்லை. எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள், நீயும் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்கிறாய். ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து கடல் தெரிகிறதா என்று மட்டும் சொல்.

குளிர்கால இருட்டு முடிந்து நம் சமையலறைச் சுவருக்கு இந்த வாரம்தான் வெயில் வந்தது. காட் மீனும் வந்துவிட்டது. உலர்த்தும் மரச்சட்டங்களில் முதல் வரிசைகள் தொங்குகின்றன, ஊரே அந்த வாசனையில் இருக்கிறது. துறையில் நம் 'டெர்னா' மட்டும்தான் கட்டிக் கிடக்கிறது. மற்ற படகுகள் வெளியே போகும்போது எழும் அலையில் கொஞ்சம் ஆடிவிட்டு மறுபடி அடங்கிவிடுகிறது.

சனிக்கிழமை போனில் நீ சொன்னதற்கு நான் பதிலே சொல்லவில்லை. எனக்குப் போனில் வாய் வராது என்பது உனக்குத் தெரியும். இன்ஜினின் தண்ணீர் பம்பு ஒழுகுகிறது, அதன் பின்னாலிருக்கும் நான்காவது போல்ட் உன் கைக்கு மட்டும்தான் எட்டும், அந்தக் கை இனி உதவாது, ஆகவே வெள்ளிக்கிழமை வருகிறவருக்கே படகை விற்றுவிடலாம் என்றாய். அக்டோபரில் கயிறு இழுக்கும் இயந்திரம் உன் மூன்று விரல்களை எடுத்துக்கொண்ட அன்றுகூட உன் குரல் அவ்வளவு அமைதியாக இருக்கவில்லை.

நீ சொன்னதையேதான் மெக்கானிக் ஸ்டெய்னாரும் சொன்னார். திங்கட்கிழமை வந்து பார்த்தார். முன்னாலிருக்கும் மூன்று போல்ட்டுகள் அவருக்குச் சிரமமே இல்லை. நான்காவதுக்காகக் குழாய்க்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டார், முழங்கை வரைகூடப் போகவில்லை. "இது தோர்டிஸ் கைக்குன்னே வெச்ச போல்ட்டும்மா. நான் பண்றதா இருந்தா இன்ஜினையே தூக்கணும். தூக்கணும்னா மேல்தளத்தை அறுக்கணும். மீன் சீசன் முடியட்டும், பார்க்கலாம்" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். சீசன் முடிந்தபின் மீன்பிடிப் படகை எதற்காக அறுப்பது?

மறுநாள் பள்ளி நூலகத்தைப் பூட்டியதும் வீட்டுக்கு வந்து உன் கருவிகளை எடுத்தேன். மரப்பெட்டி தூக்க முடியாத கனம். எல்லாவற்றையும் என் முதுகுப்பையில் கொட்டிக்கொண்டு துறைக்குப் போனேன். மேலே கொஞ்சம் வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் வைத்திருந்தேன். உதவிக்கு வருகிறவனுக்குத் தின்ன ஏதாவது வேண்டுமே என்ற நல்லெண்ணம்தான்.

படகில் நின்றிருந்த ஹால்வார் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தான். உன்னோடு இத்தனை வருஷம் கடலுக்கு வந்தவன், ஏதோ கொள்ளைக்காரியைப் பார்த்ததுபோல் பார்த்தான். "ஏய், ஏய்! முதுகுப்பையோட படகுல ஏறுறியா? உள்ள என்ன வாசனை? வாஃபிளா? அடிப்பாவி! பாலாடைக்கட்டி வேறயா! படகுக்கு ஆகாதது எல்லாத்தையும் கொண்டு வந்துட்ட! குதிரை ஒண்ணுதான் பாக்கி, அதையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே!" என்றான். அடுத்த நொடியே, படகில் நின்றுகொண்டு குதிரை என்ற சொல்லை அவனே சொல்லிவிட்டது உறைத்து, வாயைப் பொத்திக்கொண்டு மூன்று முறை மரத்தைத் தட்டினான். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

பை ஏறாது என்றால் ஏறாதுதான். துறையிலேயே ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்து, கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். ஹால்வார் பனியில் உட்கார்ந்து வாஃபிளைத் தின்றபடி எல்லாவற்றையும் துணியால் துடைத்தான். கழுத்துபோல் வளைகிற அந்தச் சிறிய இணைப்பின்மேல் பிசுபிசுத்த கறுப்பு டேப் கனமாகச் சுற்றியிருந்தது. "உங்க அக்காவுக்கு அழுக்குன்னா ஒரு பாசம்" என்று சொல்லி அதை உரித்து உருட்டிப் போட்டான். ஒரு நீட்டுக் கம்பியின் முனை விளிம்புகள் மழுங்கியிருந்தன. "இது தேஞ்சு போச்சு, கடல்ல போடு" என்றான். நான் போடவில்லை. உன் பொருளை எதற்காகப் போட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் எதுவும் தெரியாது.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கழுத்தின் நுனியில் போல்ட் தலையைக் கவ்வும் சாக்கெட்டை மாட்டி, வேறொரு நீளக் கம்பியில் கோத்து இறக்கினால், குழாயைத் தாண்டியதும் கழுத்து தொப்பென்று தொங்கிவிடும். போல்ட்டின் தலைக்கு அருகே போய்விட்டு மீன்வால்போல் அந்தப் பக்கம் சாயும். மறுபடி இறக்கினால் இந்தப் பக்கம். "சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்குப் போற எங்க மாமா மாதிரியே இருக்கு. வாசல் வரைக்கும் சரியா வரார், கதவுதான் கிடைக்க மாட்டேங்குது" என்றான் ஹால்வார். அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மூச்சுவிடத் துறைக்கு ஏறினேன். அவன் உரித்துப் போட்ட டேப் உருண்டை பனியில் கிடந்தது. சும்மா எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். மேலே கறுப்பு. அதற்கு அடியில் சிவப்பு. அதற்கும் அடியில் மறுபடி கறுப்பு, எண்ணெய் ஊறிப் பழுப்பாகியிருந்தது. அழுக்கை யாரும் நிறம் மாற்றி மாற்றிச் சுற்ற மாட்டார்கள்.

வீட்டுக்கு ஓடிப்போய் டேப் எடுத்து வந்து கழுத்தைச் சுற்றினேன். பிறகு வளைத்தேன். அக்கா, வளைத்த இடத்தில் அது நின்றது! தொங்கவில்லை, விறைக்கவும் இல்லை. சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றது. அதோடு, கடலில் போடச் சொன்ன கம்பியில் ஒரு சாக்கெட்டை மாட்டி ஆட்டிப் பார்த்தேன். ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தது, ஆனாலும் கம்பியோடு சேர்ந்தே சுழன்றது. தேய்ந்ததல்ல, அப்படியேதான் செய்திருக்கிறார்கள். குழாயை ஒட்டிப் போகக் கொஞ்சம் சாய்வு போதும், அது அந்தக் கம்பியின் வேலை. போல்ட்டிடம் திரும்ப அதிகச் சாய்வு வேண்டும், அது கழுத்தின் வேலை. முழு வளைவையும் ஒரே இடத்தில் கேட்டால் திக்கித் திக்கிச் சுழன்று அடைத்துக்கொள்கிறது, இரண்டு இடத்தில் பகிர்ந்துவிட்டால் கேட்கிறது. இவ்வளவு புத்தகம் படித்தும், பலம் என்றால் நேராக நிற்பது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கம்பியையும் கழுத்தையும் சேர்த்துக் கோத்து இறக்கினோம். நான் குப்புறப் படுத்து, கம்பி அலையாமல் நடுவில் பிடித்துக்கொண்டேன். ஹால்வார் மேலிருந்து கைப்பிடியைத் திருப்பினான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு 'கிறீச்' என்று ஒரு சத்தம். அவன் "உடைஞ்சுதா?" என்றான். நான் "இல்ல, வருது" என்றேன். வந்தது. கண்ணால் பார்க்காத ஒரு போல்ட் கழல்வதை என் விரல் நுனியில் உணர்ந்தேன். நீ வருஷக்கணக்காக இந்த இருட்டில் தனியாக உணர்ந்தது இதைத்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

புது ரப்பர் வளையம் போட்டோம். திரும்ப மாட்டும்போது போல்ட் நழுவாமலிருக்க சாக்கெட்டுக்குள் கிரீஸ் தடவினோம். ஹால்வாருக்கு அது தெரிந்திருந்தது, பெருமையாகச் செய்தான். இன்ஜினை ஓடவிட்டு இரவு உணவு நேரம் வரை காத்திருந்தோம். பம்புக்கு அடியில் விரித்த செய்தித்தாளில் ஒரு சொட்டு ஈரமில்லை. மறுநாள் ஸ்டெய்னார் வந்து குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்து பார்த்தார். "மோசமில்ல" என்றார். நம் ஊரில் அதற்கு மேல் ஒரு பாராட்டு இல்லை. அது உனக்கு வந்தது, நான் இடையில் வாங்கி அனுப்புகிறேன்.

இனி எழுத வேண்டியது கொஞ்சம்தான், அதற்காகவே இவ்வளவும் எழுதினேன்.

அந்த போல்ட்டைக் கழற்ற நீ ஒருநாளும் கையை விட்டதில்லை, இல்லையா? தோர்டிஸின் மெல்லிய கை என்று துறை முழுக்கப் பேசினார்கள், நீ சிரித்துக்கொண்டு பேசவிட்டாய். பேசட்டும், அதில் தவறில்லை. ஆனால் சனிக்கிழமை அதே பேச்சை நீ என்னிடம் சொன்னாய். ஏன் என்று நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. துறையில் எல்லோரும் பார்க்க இறங்கி நடந்து வருவது எளிதல்ல என்பது மட்டும் எனக்குப் புரிகிறது.

வெள்ளிக்கிழமை வருகிறவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. படகு உன்னுடையது. விற்க வேண்டுமென்றால் விற்போம், நான் முகம் சுளிக்க மாட்டேன். அந்த போல்ட்டுக்காக மட்டும் விற்காதே. அது கழன்றுவிட்டது.

ஹால்வாரின் தங்கை நாளைக் காலைக் கப்பலில் நீ இருக்கும் ஆஸ்பத்திரி ஊருக்கு வருகிறாள். இதை அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். வேகவைத்த மீன் ஈரலும் சினையும் அனுப்பலாமென்று வைத்திருந்தேன், ஹால்வார் மூன்று தட்டு தின்றுவிட்டான்.

இன்னொன்று. நான் சுற்றிய டேப் சரியில்லை. ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் சுருக்கம், இந்த சீசனைத் தாங்காது. இடது கையாலும் சுற்றலாம், யாராவது கழுத்தை அசையாமல் பிடித்துக்கொண்டால் போதும். வந்துவிடு அக்கா. நான் பிடித்துக்கொள்கிறேன், நீ சுற்று.

கப்பல் வரும் வழியெல்லாம் கடல் உனக்கு அடங்கி இருக்கட்டும்.

உன் தங்கை
மாரென்