பாண்டிருப்பு வீட்டு வைனும் ஹபீபாவின் டொனிக்கும்

பெப்ரவரி 3, செவ்வாய்

விடியத் தூறல், பத்து மணிக்கு வெயில். நோன்புக்கு இன்னும் இரண்டு கிழமை. பிறஷர் மாத்திரை எட்டுத்தான் மிச்சம்.

ஒரு விசயத்தில் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு எடுக்க வேண்டும். தலைக்குள் வைத்துக் குழம்பாமல் எழுதிப் பார்க்கலாம். முதலில் தலைப்புகள்:

1. தர்மலிங்கம் என்னிடம் கேட்டது.
2. தினமும் பின்னேரம் ஒரு கிளாஸ் வைன்: சாதாரணமா, கெடுதலா.
3. குடிப்பது தாயும் தகப்பனும் என்றால், பிள்ளைகளுக்கு அது என்ன.
4. என் மனைவி ஹபீபாவின் டொனிக். அவள் தேறியது அதனால்தான்.
5. இதையெல்லாம் சொல்ல நான் ஆர்.

(ஐந்தாவதை முதலில் போட்டிருக்கலாம். கிடக்கட்டும்.)

முதலாவது. நேற்று அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தால், பள்ளிவாசலுக்கு எதிரே த்ரீவீலுக்குள் தர்மலிங்கம். பாண்டிருப்பிலிருந்து சாய்ந்தமருதுக்குத் தனியே வந்திருக்கிறான். எழுபத்தெட்டு வயது, நெஞ்சில் மெஷின் வைத்த ஆள். அவன் நீர்ப்பாசனக் கந்தோரில், நான் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கும் வேலையில். இருபது வருடம் ஒரே பஸ்ஸில் போய் வந்த பழக்கம். இறங்கவில்லை. "ஏறு மச்சான், ஒரு கதை இருக்கு."

கதை அவன் மகள் வாசுகியைப் பற்றி. பிரான்சில் பதினாறு வருடம் இருந்தவள். போன சித்திரையில் புருசன் சுதனோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் தகப்பனைப் பார்க்க வந்து, தாயின் சீதன வீட்டிலேயே அவனோடு தங்கிவிட்டாள். அங்கே பழகியபடி இங்கேயும் பொழுதுபட்டதும் இருவருக்கும் வைன். விறாந்தையில் வைத்து. ரோட்டால் போகிறவர்கள் பார்க்க.

த. சொன்னது, சொன்னபடி:

"கோயிலுக்குப் போற சனம் முழுக்கப் பாக்குது. மீன்காரன்கூட 'ஐயாட மகள் குடிக்கிறாவாமே' எண்டு கேக்கிறான். ஒருக்கா வாய் திறந்தன். 'உங்களுக்கு வெக்கமெண்டா நாங்க திரும்பிப் போறம் அப்பா' எண்டுட்டாள். ரெண்டு நாளா கொம்பியூட்டர்ல பிளேன் ரிக்கற் பாக்கிறாள். அவள் போனா அந்த வீட்டுல நானும் பல்லியும்தான்."

"நான் என்ன செய்ய?"

"நீ மருந்து தெரிஞ்ச ஆள். ஈரல் பழுதாகும், பிள்ளைகள் கெடும் எண்டு சொல்லு. வெக்கக் கதை வேணாம், மருந்துக் கதையாச் சொல்லு. நீ சொன்னா கேப்பாள்."

ஞாயிறு வருகிறேன் என்றேன். ஓம் என்று சொல்வதுதான் எனக்கு எப்போதும் சுலபம்.

பெப்ரவரி 4, புதன்

விடுமுறை. கடைகளில் கொடி. காற்று வடக்கிலிருந்து, முழங்கால் நோவு.

இரண்டாவது. எனக்குத் தெரிந்தவை:

- இந்தக் காலத்து டாக்டர்மார் குறைவு நல்லது, இல்லாமல் இருப்பது அதைவிட நல்லது என்கிறார்கள். முந்தி அப்படி இல்லை. சிலர் எழுதியே கொடுத்தார்கள் (4 பார்க்க).
- ஒரு கிளாஸ் குடிக்கிற எல்லாரும் கெட்டுப்போவதில்லை. இது உண்மை. த.வுக்குப் பிடிக்காது.
- 'தினமும்' என்பதுதான் யோசிக்க வைக்கிறது. முப்பத்தொரு வருடம் மருந்து கொடுத்த சன்னலில் கண்டது: பழகிய அளவு ஒரே இடத்தில் நிற்பது அபூர்வம்.
- கேட்டால் எல்லாரும் பாதிதான் சொல்வார்கள். ஒரு கிளாஸ் என்றால் எந்தக் கிளாஸ்?
- எங்களுக்கு ஹராம். எனக்கு அது போதும். வாசுகிக்கு அதைச் சொல்லி என்ன பயன்.

மூன்றாவதுக்கு ஒன்றும் எழுதத் தெரியவில்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. சிரித்துக் கதைத்துக்கொண்டு குடிக்கிறார்கள் என்று த.வே சொன்னான். பிள்ளைகள் அதைக் கவனிப்பார்களா?

பகல் சாப்பாட்டில் மகள் ரிஃபாயாவிடம் விசயத்தைச் சொன்னேன். சிரித்தாள்.

"வாப்பா, நீங்களா செல்லப் போற? பக்கத்து வளவுக் கோழி மூணு மாசமா நம்மட குசினி அடுப்படியில வந்து முட்டை போட்டிச்சி. அதயே செல்லல்ல நீங்க."

முட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் சொல்லவில்லை. அது சரி.

பெப்ரவரி 5, வியாழன்

வெயில். மாத்திரை வாங்கியாயிற்று.

ஞாயிறுக்கு முன் ஒரு தரம் பார்த்து வரலாம் என்று பாண்டிருப்புக்குப் போனேன். பஸ்ஸில் சனம், நின்றுகொண்டே. சேட்டுப் பையில் மருந்து அளக்கும் என்னுடைய பழைய அவுன்ஸ் கிளாஸ். ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது கேட்டு வாங்கியது.

த. நித்திரை. வாசுகி தேத்தண்ணி போட உள்ளே போனாள். மேசையில் கழுவிக் கவிழ்த்த வைன் கிளாஸ் இரண்டு. கிளாஸின் பக்கவாட்டில் ஒரு பூ செதுக்கியிருக்கிறது. ஒன்றை எடுத்து, தண்ணீர்க் கூசாவிலிருந்து விட்டு அளக்கத் தொடங்கினேன். ரோட்டால் எங்கள் ஊர் ஆள் எவராவது போனால் என்ன நினைப்பார், தொப்பியோடு நான், கையில் அந்தக் கிளாஸ்.

"தாத்தா என்ன செய்யிறீங்க?"

சின்னவள் அஞ்சலி. எட்டு வயது.

"அளக்கிறேன் மகள். இதுக்குள்ள எவ்வளவு பிடிக்கும் எண்டு."

"நிரப்ப மாட்டினம் தாத்தா. அம்மா பூ மட்டும். அப்பா பூவுக்கு மேல. சனிக்கிழமை ரெண்டு தரம். அம்மம்மாட நினைவு நாளில மூண்டு."

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே சொன்னது.

பூ வரை: ஒன்பது அவுன்ஸ். புத்தகக் கணக்கில் ஒரு கிளாஸ் என்பது ஐந்து. ஆகவே வாசுகியின் ஒன்று, ஏறக்குறைய இரண்டு.

வாசுகி வந்தாள். தேத்தண்ணி, முறுக்கு. "என்ன மாமா, இண்டைக்கு என்ன விசேசம்?"

"சும்மா மகள். இந்தப் பக்கம் வந்த."

முறுக்கு நல்லது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பெப்ரவரி 6, வெள்ளி

ஜும்ஆ. குத்பா நீளம், பாதியில் கண் சொக்கியது. வந்து பொரியல் மீனும் சோறும்.

நாலாவது. எழுதப் பயம். எழுதுகிறேன்.

எங்கள் இரண்டாவது பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்தும் ஹபீபா எழும்பவில்லை. வெளிறிப்போன கை. சோற்றை வைத்தால் பார்த்துக்கொண்டே இருப்பாள். பிள்ளை அழுதால் தானும் அழுவாள். பெரிய டாக்டர் சீட்டில் ஒரு டொனிக் எழுதினார். கல்முனையில் வாங்கினேன். லேபலில் ஆங்கிலத்தில் தெளிவாகவே இருந்தது, டொனிக் வைன் என்று. கடை வாசலில் நின்று மூன்று தரம் வாசித்தேன்.

மௌலவியிடம் கேட்டிருக்கலாம். வேண்டாம் என்பாரோ என்று பயம். ஹபீபாவிடம் சொன்னால் செத்தாலும் குடிக்க மாட்டாள், அது இன்னும் பயம். ஆஸ்பத்திரித் தண்ணிமருந்துப் போத்தல் ஒன்றில் ஊற்றினேன். அந்த நாளில் எல்லா மருந்துப் போத்தலுக்கும் செய்கிறபடி, கடதாசித் துண்டொன்றின் ஓரத்தில் பல் பல்லாக வெட்டி ஒட்டினேன். ஒரு பல் ஒரு வேளை. பார்த்தால் இருமல் மருந்துதான். டொனிக் வந்த போத்தலைத் துணியில் சுற்றி, கல்முனை மார்க்கட் குப்பையில்.

பொழுதுபட்டு, மஃரிப் தொழுத பிறகு தினமும் ஒரு பல். நானே அளந்து கொடுப்பேன். "கொண்டாங்க, குடிக்கன்" என்று வாங்கிக்கொண்டு குசினிப் பக்கம் போவாள். கசந்த முகத்தை எனக்குக் காட்ட வெட்கம் போலும். கிளாஸைக் கழுவிக்கொண்டு வருவாள். பிறகு இருவரும் கிணற்றடியில் பாய் போட்டு இருப்போம். அதுவரை அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்ததே இல்லை. சந்தியில் பேப்பர் வாசிப்பேன். மருந்து கொடுக்க வேண்டும் என்றுதான் நேரத்துக்கு வரத் தொடங்கினேன்.

முதல் கிழமை பேச்சில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. அவளுடைய பெரியப்பா தோணியில் நித்திரையாகிக் காற்றோடு போன கதை. முதல் தரம் சொன்னபோது அக்கரைப்பற்றில் கரை ஏறினார். அடுத்த தரம் பொத்துவில். ஒரு மாதத்தில் அறுகம்பேயில் வெள்ளைக்காரன் ஒருவன் எழுப்பித் தேத்தண்ணி கொடுத்தான். "போன கிழமை பொத்துவில் எண்டுதானே சென்ன?" என்று கேட்டால், "காத்து கூடிட்டு" என்பாள். மல்லிகை இல்லை, நிலா இல்லை, கொசு நிறைய. இன்றைக்கும் மஃரிப் முடிந்து செருப்பைப் போடும்போது அந்தக் கிணற்றடிக்குத்தான் போகிறேன் என்று ஒரு கணம் நினைப்பு.

த.வின் மனைவி பார்வதி கிழமைக்கு இரண்டு மூன்று நாள் வாசுகியையும் கூட்டிக்கொண்டு வந்து உதவிக்கு நிற்பார். அவரைச் சுனாமி கொண்டுபோய்விட்டது.

மூன்று போத்தல். ஹபீபாவின் கன்னத்தில் இரத்தம் வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் போனாள்.

அவள் மௌத்தாகி ஆறு வருடம். கடைசிவரை நான் சொல்லவில்லை. பாவமென்றால் என்னுடையது.

ஆகவே, பின்னேரம் ஒரு கிளாஸ் கெடுதல் என்று இந்த வாயால் எப்படிச் சொல்வது? என் வீட்டில் அதுதான் ஒரு தாயை எழுப்பியது. சொல்லாவிட்டால் த. தனியாகிறான். சொன்னால் பொய்யனாகிறேன்.

பெப்ரவரி 7, சனி

தலைமயிர் வெட்டினேன். ஞாயிறு வர முடியாது, காய்ச்சல் என்று த.வுக்குச் சொல்ல போனை எடுத்தேன். ரிஃபாயா பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 8, ஞாயிறு

மழை இல்லை. கடல் இரைச்சல்.

போனேன். வந்த உடனே எழுதுகிறேன், மறந்துவிடும்.

த. என்னைக் கண்டதும் கோயிலுக்கென்று எழும்பிப் போய்விட்டான். வீரன். விறாந்தையில் வாசுகி, சுதன். உள்ளே மேசையில் அஞ்சலி படம் கீறிக்கொண்டு. பெரியவள் ரியூசனில். போத்தல் இன்னும் திறக்கவில்லை.

"அப்பா அனுப்பினவரா மாமா?" வாசுகிதான் தொடங்கினாள்.

"ஓம்."

சுதன் சிரித்தான். "பாவம், உங்களப் போய் அனுப்பியிருக்கிறார்."

"கெடுதலெண்டு சொல்லச் சொன்னவரா?" வாசுகி.

"ஓம்."

"கெடுதலா?"

ஒழுங்காகச் சொல்ல நினைத்து வந்தது எல்லாம் போய்விட்டது. ஒன்பது அவுன்ஸைச் சொன்னேன். உன் ஒன்று, ஒன்றல்ல, இரண்டுக்குக் கிட்ட. சனிக்கிழமை நாலு. தினமும் என்றால் உடம்பு அதை எதிர்பார்க்கப் பழகும், அளவு கூடும், நான் கண்டிருக்கிறேன் என்றேன். சனிக்கிழமைக் கணக்கு ஆர் சொன்னது என்று சுதன் கேட்டான். நான் உள்ளே பார்த்தேன். அவர்களும் பார்த்தார்கள். சுதன் பிறகு சிரிக்கவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நியாயமாக இருக்க வேண்டும் என்று ஒரு யோசனை. ஹபீபாவின் டொனிக்கைச் சொன்னேன். நாற்பது வருடத்தில் முதல் தரம், வாய்விட்டு. லேபல், போத்தல், பல் வெட்டின கடதாசி, எல்லாம். "அதால நான் முழுக்கக் கெடுதல் எண்டு சொல்ல ஏலா மகள். உன்ட மாமி அதாலதான் எழும்பின."

வாசுகி கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தாள்.

"மாமா, மாமி அதக் குடிக்கல்ல."

"குடிச்ச. நான்தானே அளந்து குடுத்த."

"நீங்க அளந்து குடுத்தீங்க. நான்தானே ஊத்தினன். குசினிப் பின்னால, வாழையடியில. முதல் நாளே மாமி மணந்து பாத்திட்டு அம்மாட்ட குடுத்தவ. அம்மா மணந்த உடனே இது வைன் எண்டு சொல்லிட்டா. நான் வந்த நாளில மாமி என்ர கையில தருவா, மத்த நாளில அவவே ஊத்துவா."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"அம்மாவும் கேட்டவ. 'மனுசன் சந்திய உட்டுட்டு நேரத்துக்கு வாறாரு, செல்லிட்டா வரமாட்டாரு' எண்டு மாமி சொன்னவ. ரெண்டு பேரும் வாயப் பொத்திக்கொண்டு சிரிப்பினம். எனக்கு எட்டு வயசு. அந்த மணம் இப்பவும்..."

அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். உள்ளே பென்சில் உரசும் சத்தம். வாசுகி அந்தப் பக்கம் திரும்பி, மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சுதன் போத்தலை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

பஸ்ஸுக்கு எழும்பியபோது வாசுகி வாசல் படலை வரை வந்தாள். "இனி ஒவ்வொரு நாளும் இல்ல மாமா. எப்பவெண்டு நாங்க ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுக்கிறம். ஊருக்காக இல்ல. அப்பாட்ட சொல்லுங்க, நான் ரிக்கற் போடல்ல எண்டு."

த.வுக்கு ரோட்டில் வைத்துச் சொன்னேன். "ஈரலச் சொன்னியா?" என்று கேட்டான். சொல்லவில்லை என்றேன். "பிறகு என்னத்தச் சொன்ன?" ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பஸ் வந்துவிட்டது.

இஷா தொழவில்லை இன்னும். முதலில் இதை.

செவ்வாய் எழுதியதில் நாலாவது பிழை. அவள் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. அப்படியானால் ஹபீபா எதனால் தேறினாள் என்று எழுத உட்கார்ந்து, அரை மணித்தியாலம் போய் இவ்வளவுதான்: 4. சந்தியை விட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன்.