பீச்சாங்கைச் சுருள்

என்னங்க,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை.

ஜெனரேட்டர் சுருளின் காப்புரிமை வழக்கில் சாட்சிக் கையெழுத்துக் கேட்டு நீங்கள் அனுப்பிய வாக்குமூலத்தைப் படித்தேன். எதிர்க் கம்பெனிக்காரர்கள் உங்கள் கண்டுபிடிப்பைத் திருடிவிட்டார்களாம். உங்கள் கண்டுபிடிப்பா? சூட்டைக் குறைப்பதற்காகவே கம்பியை எதிர்த்திசையில் சுற்றினீர்களாம், அதற்குத் தோதாக, மின்சாரத்தை ஒரே திசையில் ஓடவைக்கும் ரெக்டிஃபையரை மறுபக்கம் மாற்றிப் பூட்டினீர்களாம். கம்பி சுற்றத் தெரியாவிட்டாலும் காதில் பூச்சுற்ற உங்களுக்கு நன்றாகவே தெரிகிறது.

நம் பட்டறையில் அந்த முதல் சுருளைச் சுற்றியவள் நான். நான் இடக்கைக்காரி, என் கையில் கம்பி எதிர்த்திசையில்தான் ஓடும். கம்பி முனைகள் மறுபக்கம் வந்ததால் ரெக்டிஃபையரையும் அந்தப் பக்கம் பூட்டினேன். அவ்வளவுதான் சங்கதி. சூடு குறைந்தது, அடுக்குகளுக்கு நடுவே காற்றுப் போக நான் விட்ட இடைவெளியால். "என்ன இது, ஓட்டை ஓட்டையா சுத்தி வச்சிருக்கே" என்று சலித்துக்கொண்டு, காப்புரிமைக்குப் படம் வரையும்போது அதை மூடிவிட்டீர்கள். என் கைப்பழக்கத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டு, கண்டுபிடிப்பைத் தெருவில் விட்டிருக்கிறீர்கள்!

அந்தக் கையைத்தானே, "பீச்சாங்கைய நீட்டாதே, வந்தவங்க என்ன நினைப்பாங்க" என்று நாலு பேர் முன்னால் மறைக்கச் சொன்னீர்கள்? என்னைப் போலவே இடக்கைக்காரியான நம் சின்ன மகள் கையிலும் ஸ்கேலால் அடித்தீர்கள். உங்களை விட்டு இங்கே வந்ததிலிருந்து அவள் இடக்கையால்தான் எழுதுகிறாள். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

கையெழுத்துப் போட மாட்டேன். ஆனால் விசாரணைக்கு வருவேன். கம்பியும் அதைச் சுற்ற ஒரு வெறும் பாபினும் மேசைமேல் இருக்கட்டும். அதிகாரி முன்னால் முதலில் நீங்கள் சுற்றிக் காட்டுங்கள், அப்புறம் நான்.

இப்படிக்கு,
மறைக்கச் சொன்ன கைக்குச் சொந்தக்காரி